ஒமாஹா தெருவில் ஒரு சமையலறை நாற்காலி

பிட்ஸ்பர்க்,
மார்ச், வெள்ளி சாயங்காலம்

அன்பு மகள் ஆட்ரிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் டெரெக்கும் என் செல்லப் பேரன் தியோவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், அப்படி இல்லையென்றால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உடனே போன் செய். இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஆண்டவர் தயவில் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல மழை வருவதை டிவிக்காரனுக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறது. தவக்காலம் ஆயிற்றே, வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்பதால் சர்ச்சில் மீன் வறுவல் வாங்க வரிசையில் நிற்கப் போயிருக்கிறார். வரிசையில் நிற்பது பெயருக்கு, போனால் ஊர்க்கதை முழுவதும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வருவார். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும், பக்கத்தில் இருந்தால் வரிக்கு வரி திருத்தம் சொல்வார். போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுபோகும். அதனால்தான் இப்படி.

உன் ஒன்பது ஊர் அட்டவணையை இன்று மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். வாடகை, வீட்டு விலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, டிராபிக், குளிர் என்று ஊர் ஊராக மார்க் போட்டு வைத்திருக்கிறாய், பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி. டெரெக்கைப் பிடித்தபோது இதில் பாதியாவது யோசித்தாளா என்று அப்பா கேட்கிறார், கோபித்துக்கொள்ளாதே, அவருக்கு மாப்பிள்ளை மேல் உயிர். சான் ஹோசேயில் நீங்கள் இருவரும் ஓடி ஓடிச் சம்பாதிப்பதில் பெரும்பங்கு வீட்டுக்காரனுக்குப் போவதும், துணி அலமாரியை ஒழித்த மூலையில் குழந்தையைப் படுக்க வைத்திருப்பதும் எனக்கும் தெரியும். டெரெக்கின் கம்பெனி எந்த ஊரில் இருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று சொன்ன அன்றைக்கே நான் உன் பழைய அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிவிட்டேன், அதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. கடைசியில் ஒன்பதில் ஏழு கழிந்து நம் பிட்ஸ்பர்க்கும் ஒமாஹாவும் சரிக்குச் சரியாக நின்றபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். ஒமாஹாவாம். சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊருக்கு நம் மூன்று ஆறுகளோடு சம மார்க்.

ரீட்டா சித்தி குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்குப் போகிறாள், ஒமாஹா வீட்டில் பூனைக்குச் சோறு போட ஆள் வேண்டும், நீ போய் இருந்து பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லு அம்மா என்று நீ சொன்னாய். நானும் சரி என்றேன். ஆனால் நான் போனது பூனைக்காக இல்லை, குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். அப்பா விமான நிலையத்தில் இறக்கிவிடும்போதே, பெர்னி, நல்லதா நாலு குறை கொண்டு வா, அஞ்சாவது நான் இங்கேயிருந்தே சொல்லித் தர்றேன் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

போய் இறங்கியதும் எனக்கு முதலில் எரிச்சல்தான். தெருவெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கிறது. இருபத்தைந்து வருஷம் இந்த மலைகளில் ஸ்கூல் பஸ் ஓட்டியவள் நான், கண்ணை மூடிக்கொண்டு வளைவு எடுப்பேன், அங்கே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேலையே இல்லை. இரண்டாம் நாளே ஒரு காரியம் செய்தேன். சித்தியின் காரில் இடது பக்கம் திரும்ப சிக்னலில் நிற்கிறேன், பச்சை விழுந்தது, நம் ஊரில் எதிரே முதலில் நிற்கிற வண்டி நமக்கு வழி விடும் இல்லையா, அந்தப் பழக்கத்தில் சட்டென்று திருப்பிவிட்டேன். எதிரே வந்த பெரிய பிக்கப் வண்டிக்காரன் பிரேக்கில் ஏறி நின்றான். கண்ணாடியை இறக்கினான், சரி, இனிக் கெட்ட வார்த்தைதான் என்று நானும் இரண்டு தயார் செய்து வைத்துக்கொண்டேன். அவன் என்ன கேட்டான் தெரியுமா, ஏம்மா, ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போறீங்களா, நான் முன்னால போய் வழி காட்டட்டுமா என்று கேட்டான். தயார் செய்து வைத்திருந்த இரண்டையும் விழுங்கிக்கொண்டு, இல்லை தம்பி, பால் வாங்கப் போறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இதை அப்பாவிடம் சொன்னபோது, அவன் நக்கல் பண்ணியிருப்பான் என்றார். இல்லை ஆட்ரி, முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே கேட்டான்.

இரண்டாவது வாரம் பனி கொட்டியது. சித்தி வீட்டுக் கார்க் கொட்டகை பின்பக்கச் சந்தில் இருக்கிறது, சந்து அடைத்துப்போயிற்று, காரை முன்தெருவில்தான் நிறுத்தியிருந்தேன். காலையில் எழுந்து மண்வெட்டியை எடுத்துக் காரைச் சுற்றிப் பனியை வாரி, இடுப்பு ஒடிய ஓர் அழகான இடம் செதுக்கி எடுத்தேன். அப்புறம் கடைக்குப் போக வேண்டும். நம் ஊர்க்காரி என்ன செய்வாளோ அதையே செய்தேன். உள்ளே போய் சித்தியின் சமையலறையில் இருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து வேறு யாரும் வண்டி விடாதபடி அந்த இடத்தின் நடுவில் வைத்துவிட்டு நிம்மதியாக வண்டியை எடுத்தேன்.

திரும்பி வந்து பார்க்கிறேன், இடம் அப்படியே காலியாக இருக்கிறது, நாற்காலியைக் காணோம். இடத்தைப் பிடிக்கிறவனைப் பார்த்திருக்கிறேன், இடத்தை விட்டுவிட்டு நாற்காலியை எடுத்துக்கொண்டு போகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். நடுத்தெருவில் நின்றே அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமே. போலீசுக்குச் சொல்லு, ஆட்ரிகிட்டயும் சொல்லு, அந்த ஊர் மார்க்குல நாற்காலித் திருட்டுன்னு புதுசா ஒரு கட்டம் போடச் சொல்லு, முட்டை போடச் சொல்லு என்றார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று. ஒருவழியாக ஒரு குறை கிடைத்ததே.

இருட்டுவதற்கு முன்னால் கதவைத் தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு ஜோலீன், என் வயதுதான் இருக்கும், ஒரு கையில் நாற்காலி, மறு கையில் தூக்குச் சட்டி, அவள் வீட்டுக்காரர் ரோஜர் பின்னால் ஒரு தட்டோடு நிற்கிறார். அவள் முகத்தில் பயம். கோவிச்சுக்காதீங்க, நீங்க ரீட்டாவோட நாற்காலியைத் தெருவுல தூக்கிப் போட்டிருந்தீங்க, உங்களுக்குப் பிடிக்கலையோ என்னவோ, ஆனா அது அவங்க மாமியார் குடுத்த செட்டு, யாராவது கொண்டு போயிட்டா ஒண்ணு குறைஞ்சுடுமேன்னு நான்தான் எடுத்து வச்சேன், ஒரு கால் ஆடிச்சு, ரோஜர் ஒட்டிக் குடுத்திருக்கார் என்றாள். அந்த ஊரில் வீட்டுச் சாமானைத் தெருவோரம் வைத்தால் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமாம். பூனை பார்க்க வந்தவள் வீட்டையே காலி செய்கிறாளோ என்று பயந்து அரிசோனாவுக்குப் போன் வேறு போட்டிருக்கிறாள். ரீட்டாவும் நம் ஊரில் பிறந்தவள்தானே, விஷயம் புரிந்து பதில் சொல்ல முடியாமல் சிரித்திருக்கிறாள்.

அப்புறம் மூன்று பேருமாக மேசையில் உட்கார்ந்தோம். சட்டியில் காரமான பீன்ஸ் கறி, தட்டில் லவங்கப்பட்டைப் பொடி போட்ட இனிப்பு ரொட்டி, இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டுமாம், ஒரு வாய் இது, ஒரு வாய் அது. பள்ளிக்கூடத்தில் இருந்தே அப்படித்தான் சாப்பிட்டு வளர்ந்தார்களாம். முதலில் முகத்தைச் சுளித்தேன், பிறகு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், அப்பாவிடம் சொல்லாதே. சாலட்டில் உருளைக்கிழங்கு வறுவலைக் கொட்டிச் சாப்பிடுகிறவர்கள் நாம், நாம் என்ன சொல்ல முடியும். சாப்பிட்டுக்கொண்டே நாற்காலி விஷயத்தை அவளுக்கு விளக்கினேன். பனியை வாரினவங்களுக்கு அந்த இடம், நாற்காலி இருக்கிற வரைக்கும் வேற யாரும் வண்டி விட மாட்டாங்க என்றேன். யாருமேவா என்றாள். எங்க ஊர்ல பாதிரியார்கூடத் தொட மாட்டார் என்றேன். எங்க ஊர்ல பாதிரியார்தான் முதல்ல தூக்குவார், சர்ச்சுல உக்கார எடம் பத்தல என்றார் ரோஜர். ஜோலீன் மட்டும் சிரிக்காமல் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போ இந்த எடத்து ஆளு வெளியே போயிருக்காங்க, வந்துருவாங்கன்னு அது சொல்லிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதானே, நல்லாத்தான் இருக்கு என்றாள். நான் வாழ்நாள் முழுக்க நாற்காலி வைத்தவள், ஒருநாளும் அதை அப்படி நினைத்ததில்லை. இது என் இடம், தொட்டால் தெரியும் சேதி என்றுதான் வைத்திருக்கிறேன்.

ஆட்ரி, இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம், நிதானமாகப் படி. மறுநாள் காலையில் இன்னும் கொஞ்சம் பனி விழுந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ரோஜர் பனி தள்ளுகிற மெஷினை எடுத்துக்கொண்டு தன் வீட்டு நடைபாதையைச் சுத்தம் செய்தார், நிறுத்தவில்லை, சித்தி வீட்டு முன்னால் வந்தார், அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, தெருமுனை வரைக்கும் போனார். எதிர்ச்சாரியில் வேறொரு மனிதர் அதே வேலையைச் செய்துகொண்டு வந்தார். முனைக்குப் போனதும் ரோஜர் மெஷினை நிறுத்திவிட்டுக் கைமண்வெட்டியால் குனிந்து, நடைபாதையில் இருந்து ரோட்டுக்கு இறங்குகிற சரிவை ஒட்ட ஒட்டச் சுரண்டி எடுத்தார். நான் காப்பியோடு போய், எல்லார் வீட்டுக்கும் நீங்களே செய்யணுமா, யாராவது காசு குடுக்கறாங்களா என்று கேட்டேன். மெஷினை வச்சுக்கிட்டு என் வீட்டோட நிறுத்தினா பாக்க அசிங்கமா இருக்காதா என்றார். சரி, முனையில எதுக்கு இவ்வளவு சுரண்டல் என்றேன். எறங்க முடியலேன்னா பாதை இருந்து என்ன பிரயோசனம் என்று என்னையே திருப்பிக் கேட்டார். காப்பியை வாங்கிக்கொண்டு அடுத்த முனைக்குப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். முந்தின நாள் நான் ஒரு காருக்கு இடம் வெட்டிக் காவல் வைத்தேன், அந்த மனிதர் போகிற வருகிற எல்லோருக்கும் வழி வெட்டிவிட்டுக் காவலும் வைக்காமல் போகிறார். அந்த வழி நீளத்துக்கு என் கண் போயிற்று. மேடு இல்லை, படி இல்லை, ஒரு சின்ன ஏற்றம்கூட இல்லை. அதில் தியோ காலைத் தாங்குகிற தன் கால்பட்டையைப் போட்டுக்கொண்டு, அந்தக் குட்டி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, யாரும் தூக்காமல், யார் கையையும் பிடிக்காமல் தெருமுனை வரைக்கும் நடந்து போவதைப் பார்த்தேன் மகளே. நடுக்குளிரில் நின்று அழுதேன்.

உன் அட்டவணையில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது, தியோவின் கால்களுக்குக் கட்டம் இல்லை. நீ மறந்திருப்பாய் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை, அவன் பிறந்ததில் இருந்து நீ வேறு எதை நினைத்தாய். அந்தக் கட்டத்தைப் போட்டால் பிட்ஸ்பர்க் தோற்கும், அம்மா மனசு உடைந்துவிடும் என்றுதான் போடாமல் விட்டாய். இரண்டு ஊரும் சமம் என்று வரட்டும், அம்மாவே பார்த்துச் சொல்லட்டும் என்று என்னை அனுப்பினாய். உன் தந்திரம் எனக்குப் புரிய ஒமாஹா வரைக்கும் போக வேண்டியிருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நம் வீட்டுப் படிக்கட்டில், நானே ஏறுவேன் நானே ஏறுவேன் என்று அடம்பிடித்து, பாதியில் நின்று அழுதானே, டெரெக் தூக்கிக்கொண்டு வந்தபோது முகத்தை யாருக்கும் காட்டாமல் அவன் தோளில் புதைத்துக்கொண்டானே, அதை நான் மறக்கவில்லை. இந்த ஊரில் எங்கே போனாலும் அந்தப் படிதான். அதனால் நானே அந்தக் கட்டத்தைப் போட்டு நானே மார்க்கும் போட்டுவிட்டேன். ஒமாஹாவுக்குப் போங்கள்.

சித்தி வீட்டுக்கு நேர் எதிரே ஒரு வீடு இருக்கிறது. மாடி இல்லாத வீடு, வாசலில் படி இல்லை, உள்ளே சக்கரநாற்காலியே திரும்பும் அளவுக்கு இடம். பியானோ சொல்லிக்கொடுத்த டீச்சர் இருக்கிறார், மகனோடு போய் இருக்கப் போகிறார், வசந்தம் முடிந்ததும் வாடகைக்கு விடுகிறாராம், பிடித்தால் பிறகு விலைக்கே வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். வாடகையைக் கேட்டுவிட்டு அது வாரத்துக்கா மாதத்துக்கா என்று நீ கேட்பாய், மாதத்துக்குத்தான். குழந்தைகள் ஆஸ்பத்திரி பக்கம்தான், நானே காரில் போய் வந்து பார்த்தேன், நம் ஊர் மாதிரி வழியில் ஒரு சுரங்கப்பாதைகூட இல்லை. குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னை மயக்கிவிட்டார்கள் என்று அப்பா சொல்வார். காற்று எலும்புக்குள் போகிறது. வீட்டு வரி அதிகம் என்று அந்த ஊர்க்காரர்களே புலம்புகிறார்கள், வாங்குவதாக இருந்தால் விசாரித்துக்கொள். சூறாவளிக் காலத்தில் கீழறைக்கு ஓட வேண்டும், அங்கே மட்டும் படி உண்டு, தியோவைத் தூக்கிக்கொண்டு ஓட டெரெக் உடம்பைக் கொஞ்சம் குறைக்கட்டும், நான் சொன்னேன் என்று சொல்லாதே. மலை இல்லாததால் பார்வை எங்கேயும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, எனக்கு அது கடைசி வரைக்கும் பழகவில்லை. கல்யாணத்தில் கேக்கை மட்டும் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்களாம், நம் ஊர் மாதிரி சொந்தக்காரர்கள் எல்லாம் சுட்டுக் கொண்டுவந்து அடுக்குகிற பிஸ்கட் மேசை என்பதே தெரியாது. தியோ கல்யாணத்துக்கு நான் இருந்தால் இங்கிருந்தே சுட்டுக் கூடை கூடையாகக் கொண்டு போவேன்.

திரும்பி வந்த அன்றைக்கே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலித் திருட்டு இல்லை என்றதும் முகம் தொங்கிவிட்டது. பிறகு, போன இலையுதிர் காலத்துல ஒரு தச்சனைக் கூட்டிட்டு வந்து காட்டினேன், உனக்குத் தெரியாது என்றார். வாசலில் இருந்து தெருவுக்குச் சரிவுப்பாதை போட முடியுமா என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் கீழே பார்த்தான், மேலே பார்த்தான், இந்த மலையைச் செஞ்சவர்கிட்டப் போய்க் கேளுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம். சொல்லிவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, அங்கே வெள்ளிக்கிழமை மீன் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். எவ்வளவு நேரம் வண்டி ஓட்டணும் என்றார். நடுவில் ஓரிடத்தில் தங்கிப் போகலாம் என்றேன். சரி, நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து வழியைத் தப்புத் தப்பாச் சொல்லிக்கிட்டு வர்றேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. சான் ஹோசேயைவிட ஒமாஹா பக்கம்தானே கண்ணு, பக்கம் என்று நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும். புதுத் திரைச்சீலை இருக்கட்டும், நீங்கள் லீவுக்கு வரும்போது ஆகும்.

கடைசியாக ஒன்று. இன்று காலையில் ஜோலீன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பனி எல்லாம் உருகித் தெரு காய்ந்து கிடக்கிறது, அந்த டீச்சர் வீட்டு முன்னால் ரோட்டோரமாக, ரோஜர் கால் ஒட்டிய அதே நாற்காலி நிற்கிறது. டீச்சரிடம் பேசிவிட்டாளாம், உங்கள் பதில் வரும்வரை வேறு யாருக்கும் வீட்டைக் காட்டுவதில்லை என்று டீச்சர் சொல்லிவிட்டாராம், அதற்குப் பிறகு ரீட்டாவிடம் கேட்டுக்கொண்டு நாற்காலியை வெளியே வைத்திருக்கிறாள். படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். பெர்னடெட், நாங்க சரியாத்தான் வச்சிருக்கோமா, பனி இல்லாதப்ப வைக்கலாமான்னு தெரியல. வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்துக்கலாமான்னு கேக்கறாங்க, இல்ல, ஆளு வர்றாங்கன்னு சொல்றேன். ஒரு வாரம் தாண்டிடுச்சு, யாரும் எடுக்கல. முந்தாநேத்து மழை பெஞ்சுது, ஓடிப்போய்ப் பாத்தா யாரோ மேல ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் கட்டி வச்சிருக்காங்க, யாருன்னு இன்னும் தெரியல. இவ்வளவுதான் எழுதியிருந்தாள். தெருவில் வைத்த நாற்காலியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிற ஊர் அது ஆட்ரி.

அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், போகிற இடத்தில் நோய் நொடி இல்லாமல் நல்ல மனிதர்களோடு நிறைவாக இருக்க ஆண்டவர் கூடவே வருவார். தியோவின் கால்பட்டை விரலில் இடிக்கிறது என்றாயே, வளர்கிற பிள்ளை, தள்ளிப்போடாமல் உடனே மாற்று. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்யும்போது எடுத்த உடனே ஒமாஹா பேச்சை எடுக்காதே, முதலில் மீன் எப்படி இருந்தது என்று கேள், பிறகு அவரே ஆரம்பிப்பார். டீச்சரின் நம்பர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், நாளைக்கே பேசு. நாங்கள் கோடையில் வந்து பார்க்கும்போது அந்த நாற்காலி தெருவில் இருக்கக் கூடாது, ரீட்டாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், உன் சமையலறையில் இருக்க வேண்டும், அதில் தியோ உட்கார்ந்திருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
பெர்னடெட்